படாமல் சுட்டவர்

கண்ணாடி போடச் சொன்னால் அண்ணை மறுக்கமாட்டார். "ஓம், போடத்தான் வேணும்" என்பார். பிறகு பெருவிரலையும் சுட்டுவிரலையும் சுருட்டி, நடுவில் ஊசி போகிற அளவுக்கு ஒரு துவாரம் விட்டு, அதைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு பேப்பரில் மரண அறிவித்தல்களை வரிவரியாக வாசிப்பார். வாசிகசாலையில் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்தவள்தான். ஒருநாள் வீட்டில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து நானும் அப்படிச் செய்து பார்த்தேன். ஊசியில் நூல் கோக்கத் தவிக்கிற என் கண்ணுக்கு எழுத்தெல்லாம் கழுவி வைத்ததுபோலத் தெரிந்தது. அதை அவருக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் பிறகு மனிதரைக் கையில் பிடிக்க முடியாது.

வேலணைத் தீவில் எங்கள் வளவும் அவர்கள் வளவும் அடுத்தடுத்து. நடுவில் பனையோலை வேலி, அதில் பெண்கள் குனிந்து போய்வர ஒரு இடைவெளி, பொட்டு என்போம். சொந்தம் ஒன்றும் கிடையாது. அவர் அண்ணை, அவர் மனைவி அக்கா, அவ்வளவுதான். நான் தையல் தைத்து, ஒரு மகளோடு பிழைக்கிறவள். என் மெசின் அவர்களுடைய கிணற்றடியைப் பார்த்தபடி இருக்கிறது. அதனால் அந்த வீட்டில் நடந்ததெல்லாம் நான் கேட்க விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் என் காதில் விழும்.

அந்த மனிதரின் குணம் ஒன்றே ஒன்றுதான். எதையும் நேரே சொல்லமாட்டார். பக்கத்தில் சொல்லுவார்.

மேற்குப் பக்கத்து வளவுக்காரர் வேலி அடைக்கிறபோது ஓர் அடி உள்ளே தள்ளி அடைத்துவிட்டார். ஊரே பார்த்தது. அக்கா கத்தின கத்தில் அண்ணை சேட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு நியாயம் கேட்கப் போனார். போனவர் அரை மணித்தியாலம் இருந்து தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தார்.

"என்ன கேட்டனீங்கள்?" என்றார் அக்கா.

"கதியால் எல்லாம் நல்ல வடிவா நேரை நட்டிருக்கிறீர் எண்டனான்."

"அதுதானோ கேட்டது?"

"அவனுக்கு விளங்கியிருக்கும், பாரும். சுடத் தேவையில்லை. சத்தம் காணும்."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த முறை வேலி அடைத்தபோது இன்னும் ஓர் அடி உள்ளே வந்தது.

இதை வைத்து அவரைக் கோழை என்று சொல்கிற ஆட்களோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். என்னைப் பெற்ற ஐயா செத்த அன்று வந்தவர்களெல்லாம் என் கையைப் பிடித்து, "இனி உனக்கு ஆர்?" என்று நேரே நெஞ்சில் குத்தினார்கள். ஒவ்வொரு ஆளுக்கும் ஒவ்வொரு தடவை அழுது எனக்குக் குரல் போய்விட்டது. அண்ணை வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, "உந்தப் பெல்ற் நைஞ்சு போச்சு, பிள்ளை. நாளைக்கு யாழ்ப்பாணம் போறன், வாங்கியாறன்" என்றார். அந்த வீட்டில் நாளைக்கு என்று ஒன்று இருப்பதாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் அதே குணம் அவருடைய சொந்த வீட்டுக்குள் வேறு மாதிரி வேலை செய்தது. அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கலியாணமாகிக் கொஞ்ச வருஷத்தில் இருவரும் யாழ்ப்பாணத்தில் ஒரு டொக்டரிடம் போனார்கள். முடிவைக் கேட்க அண்ணை மட்டும் உள்ளே போனார். வெளியே வந்து, "பிழை என்னிலைதானாம்" என்றார். அக்கா அதை நம்பினார். ஒரு சொல் குத்திக் காட்டாமல், கோயிலுக்கு ஒவ்வொரு திருவிழாவுக்கும் பாற்செம்பு எடுத்து, காலத்தைக் கொண்டு போனார். தலைமயிர் நரைத்த பிறகு வயிற்றில் ஒரு ஒப்பரேசன் செய்ய வேண்டி வந்தது. அப்போது இன்னொரு டொக்டர் அக்காவின் முகத்தைப் பார்த்து, இந்தக் கர்ப்பப்பையில் ஒரு நாளும் பிள்ளை தங்கியிருக்காது என்று சொல்லிவிட்டார்.

அக்கா வீட்டுக்கு வந்து கேட்டார். அண்ணை, "அந்த டொக்டர் அப்பிடித்தான் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் பாத்திக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டார். அக்கா பொட்டுக்குள்ளால் என்னிடம் வந்தார்.

"என்ரை பாரத்தைத் தான் சுமக்கிறாராம், பிள்ளை. நான் கேட்டனானே? இவ்வளவு காலமும் அந்த மனுசனிலை நான் இரக்கப்பட்டதெல்லாம் விசர் வேலையாப் போச்சே. இனித் தன்னிலை பிழையெண்டு இவர் வாய் திறந்தால் நான் எப்பிடி நம்புறது?"

நான் ஏதோ சமாதானம் சொன்னேன். அன்றைக்கு அது ஒரு கோபப் பேச்சாகத்தான் எனக்குப் பட்டது.

இளமையில் அண்ணை தெற்கே, மலைநாட்டுப் பட்டினம் ஒன்றில் தங்கள் ஆட்களின் கடையில் நின்றவர். அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் பன்றி சுடுகிற துவக்கு இருந்ததாம். விசைக்குக் கீழே வளையம்போல ஒரு லீவர். அதை முன்னே தள்ளிப் பின்னே இழுத்தால் வெறுங்கோது வெளியே பாய்ந்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். துரைக்கு வயதாகி, குழலின் முதுகிலே குறிபார்க்க இருந்த பிளவு கண்ணுக்குப் புகை மூட்டமாகிவிட்டது. அதைக் கழற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டவாக ஒரு துளைத் தகட்டைப் பூட்ட வேண்டும். கடையில் ஆணி, திருகாணி விற்றுக்கொண்டிருந்த அண்ணையின் கை துரைக்குப் பிடித்துக்கொண்டது. பூட்டி, சுட்டுப் பார்த்து, தகட்டை ஏற்றி இறக்கி, குண்டு குறியில் விழும்வரைக்கும் துரையோடு நின்று பழகினார். பிறகு கலவரத்தில் கடை எரிந்தது. உடுத்த உடுப்போடு தீவுக்கு வந்தார். அந்தக் கதையை அவர் சொல்லும்போது எரிந்த கடை வராது. துளைத் தகடுதான் வரும்.

மயில்கள் எங்கள் பக்கம் முன்பு இல்லை. சண்டையெல்லாம் முடிந்து சனம் திரும்பி வந்து குடியிருந்த பிறகுதான் எங்கிருந்தோ வந்து சேர்ந்தன. முதல் மயில் மதிலில் ஏறி நின்ற நாள் ஊரே கன்னத்தில் போட்டுக்கொண்டது. அக்கா அரிசியும் சர்க்கரையும் கொண்டுபோய் வைத்தார். முருகனே நடந்து வந்துவிட்டார் என்று பேச்சு. இரண்டு போகம் கழிந்தது. கூட்டம் கூட்டமாக வந்து மிளகாய்க் கன்றை வேரோடு கிளறின, கச்சான் கடலையைத் தோண்டின, வெங்காயத்தாளை மிதித்துத் துவைத்தன. மாடு வந்தால் அடிக்கலாம். காகம் வந்தால் கல்லெறியலாம். சாமியின் வாகனத்தை என்ன செய்வது? அரசாங்கக் கந்தோரில் கேட்டால் அது சட்டப்படி தொடக்கூடாத பறவை என்றார்கள். கோயிலில் கேட்டால் அது முருகனுடையது என்றார்கள். தோட்டம் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அண்ணைக்கும் அக்காவுக்கும் சீவியம் அந்தத் தோட்டம்தான். வெளிநாட்டிலிருந்து அனுப்ப அவர்களுக்கு ஆர் இருக்கிறார்கள்? பயிர் காக்கவென்று அனுமதி எடுத்து அண்ணை ஒரு காற்றுத் துவக்கு வாங்கினார். ஈயக் குண்டு போடுகிறது. அதற்கும் குழலுக்குக் கீழே ஒரு லீவர். அதை இழுத்து மடக்கினால்தான் காற்று அடைபடும். லீவரைக் கண்டதும் மனிதருக்கு வயது குறைந்துவிட்டது. பழைய அரிக்கன் லாம்பின் பித்தளையில் ஒரு சில்லு வெட்டி, நடுவில் துளை போட்டு, துவக்கின் பின்பக்கத்தில் கண்ணுக்குக் கிட்டவாகப் பூட்டினார். அதை ஏற்றி இறக்க மெல்லிய புரி உள்ள ஆணி வேண்டுமென்று என்னுடைய பழைய மெசினிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனார்.

"பிள்ளை, ஓட்டையைப் பாக்கக்கூடாது. ஓட்டைக்குள்ளாலை பாக்கவேணும். அது மங்கலாக் கிடக்கட்டும், கவனிக்காதையும். கண் தானாப் போய் நடுவிலை நிக்கும். முன்னுக்கு நிக்கிற குமிழைக் கொண்டுபோய் குறியிலை வைச்சால் சரி."

வெயில் எறிக்கிற நேரத்துக்குச் சின்னத் துளை, மப்பு நாளுக்குக் கொஞ்சம் பெரிய துளை என்று இரண்டு சில்லு வைத்திருந்தார். ஆனால் அவர் சுட்டு ஒரு மயிலுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றுக்கட்டில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கி, நேரே நெஞ்சுக்குக் குறிவைப்பார். குண்டு மயிலின் காலடியில் மண்ணைக் கிளப்பும். மயில் துள்ளும், பறக்கும், பத்து நிமிஷத்தில் திரும்பி வரும். கொஞ்ச நாள் போகப் பறப்பதையும் விட்டுவிட்டது. சும்மா ஒரு காலை எடுத்து மற்றப் பக்கம் வைத்தது. அண்ணைக்குக் கண் போய்விட்டது என்று ஊர் முடிவுகட்டியது. "துவக்குக்கும் கண்ணாடி போடுங்கோ அண்ணை" என்று பெடியள் பகிடி பண்ணினார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "ஓம், போடத்தான் வேணும்" என்றார்.

உண்மை வேறு. எல்லாம் முடிந்த பிறகுதான் எனக்கே அதைச் சொன்னார். அவருக்குச் சாமியைச் சுடவும் மனமில்லை, தோட்டத்தை விடவும் வழியில்லை. மயிலின் காலடி மண்ணைப் பார்த்துக் குறிவைக்கலாம்தான். ஆனால் துளைக்குள்ளால் பார்க்கிற கண் எப்போதும் குறியின் நடுவைத்தான் தேடிப் போகும், ஒருநாள் இல்லை ஒருநாள் கை மேலே ஏறிவிடும் என்று பயந்தார். ஆகவே குறியை மாற்றாமல் சில்லை மாற்றினார். என் மெசின் ஆணியைத் திருகித் திருகி, சில்லை வேண்டுமென்றே கீழே இறக்கிப் பதித்து வைத்தார். சில்லு பதிந்தால் குண்டு பதிந்து போகும். எங்கே குறிவைத்தாலும் குண்டு ஒரு முழம் கீழே விழும். மயிலின் நெஞ்சுக்கு நேரே வைத்தால் காலடி மண். அவர் எவ்வளவு ஒழுங்காகச் சுட்டாரோ அவ்வளவு ஒழுங்காக அது படாமல் போனது. முருகனுக்குத் துரோகம் இல்லை, மயிலுக்குச் சேதம் இல்லை. இதை ஒரு சீவனுக்கும் சொல்லவில்லை. அக்காவுக்கும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா சிரித்திருப்பார், அவ்வளவுதானே? சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அன்று அண்ணை மரண அறிவித்தல் பார்த்து யாழ்ப்பாணத்தில் ஒரு செத்தவீட்டுக்குப் பஸ் ஏறிப் போயிருந்தார். முதல்நாள்தான் மிளகாய்க் கன்று நட்டு முடித்திருந்தார்கள். காலை வெயில் ஏறுகிறபோது மயில்கள் இறங்கின. அக்கா தகரத்தில் தட்டுவதும் கத்துவதும் எனக்குக் கேட்டது. கல் விழுகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு "டப்" என்று ஒரு சத்தம். அண்ணைதான் இல்லையே என்று நான் நினைத்து முடிக்க முன்னம் அக்கா வீரிட்டார்.

பொட்டுக்குள்ளால் ஓடினேன். தோகை மயில். பாத்திக்குக் குறுக்கே கிடந்தது. கழுத்துக்கு மேலே, கண்ணுக்குக் கீழே, ஒரு சின்னக் காயம். அக்கா துவக்கைக் கீழே போடாமல் கையில் பிடித்தபடியே நின்றார்.

"தலைக்கு மேலாலைதான் பிடிச்சனான், பிள்ளை. சாமியெண்டு நல்லா ஒரு முழம் மேலாலைதான் பிடிச்சனான். வெருட்டத்தான் சுட்டனான். எப்பிடிப் பட்டது?"

துவக்கை நான்தான் அவருடைய விரல்களைப் பிரித்து வாங்கினேன். அக்கா உள்ளே போய், கோயிலுக்கு உடுக்கிற அரக்குப் பட்டுச் சேலையை எடுத்துவந்து, மடிப்பு விரிக்காமலே மயிலைப் போர்த்தார். தோகை முழுக்க மூட அதன் நீளம் காணவில்லை. இழுத்து இழுத்து மூடிப் பார்த்தார். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

அண்ணை பின்னேர பஸ்ஸில் வந்து இறங்கினார். படலைக்குள் வந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. மயிலைப் பார்த்தார், துவக்கை எடுத்துச் சில்லைப் பார்த்தார், பாத்தி வரம்பில் அப்படியே இருந்துவிட்டார். முகம் சாம்பல் பூத்துப்போயிற்று. அந்த நிமிஷத்தில், அந்த ஒரு நிமிஷத்தில், அவர் வாய் திறந்து உள்ளதைச் சொல்லியிருக்க வேண்டும். அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"வயசுபோன மயில். எப்பிடியும் இந்த மழைக்குச் செத்திருக்கும்."

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது.

விடிந்த பிறகுதான் அவருக்குப் புத்தி வந்தது. என்னையும் கூப்பிட்டு, கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னார். சில்லைப் பதித்தது, ஏன் பதித்தது, ஒரு முழம் எப்படிக் கீழே போகும், அக்கா ஒரு முழம் மேலே பிடித்தபடியால்தான் சரியாகத் தலையில் பட்டது, எல்லாம். அவர் எதையும் இப்படிச் சுற்றிவளைக்காமல் பேசி நான் அன்றுதான் கேட்டேன்.

"நீர் செய்தது சரி. துவக்குத்தான் பிழை. அதைப் பிழையாக்கினது நான். பாவமெண்டால் அது எனக்கு" என்றார்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம்கூட இல்லை. "பிழை என்னிலைதானாம் எண்டு அண்டைக்கும் வந்து சொன்னனீங்கள்" என்றார்.

அண்ணை துவக்கை எடுத்து வந்தார். ஓடிப்போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வேலிக் கதியால் தடியில் கவிழ்த்துவிட்டு வந்து, லீவரை மடக்கி, குறிவைத்துச் சுட்டார். குண்டு சிரட்டைக்கு ஒரு முழம் கீழே கதியாலில் போய் இறங்கியது. "கண்டீரே?" என்றார்.

"படாமல் சுட உங்களுக்கு ஆர் பழக்கவேணும்?"

"அப்ப நீர் சுட்டுப் பாரும். சிரட்டைக்கு நேரை பிடியும்."

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அண்ணை லீவரை மடக்கி, இன்னொரு குண்டு போட்டுத் துவக்கை என்னிடம் நீட்டினார். நான் என் வாழ்க்கையில் துவக்குத் தொட்டவள் இல்லை. துளைக்குள்ளால் பார்த்தேன். அவர் சொன்னதுபோலவே கண் தானாக நடுவில் போய் நின்றது. குமிழைச் சிரட்டையில் வைத்து விசையை இழுத்தேன். குண்டு அதே கதியாலில், அண்ணையின் குண்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பட்டது. "அக்கா, நேரைதான் பிடிச்சனான், சத்தியமா நேரைதான் பிடிச்சனான்" என்று கத்தினேன்.

"முதல்முதல் சுடுறவைக்கு ஆருக்கும் தவறத்தான் செய்யும், பிள்ளை" என்றார் அக்கா. என்னைத் தேற்றுகிற குரலில் சொன்னார்.

அண்ணை மயிலை அந்தப் பட்டோடேயே வளவின் மூலையில் புதைத்துக் கற்பூரம் கொளுத்தினார். துவக்கைச் சாக்கில் சுற்றிக் கொண்டுபோய், இனி வேண்டாம் என்று பொலிசில் ஒப்படைத்தார். தோட்டமும் அதோடு போயிற்று. மிளகாய்ப் பாத்தியில் மயில்கள் குளித்தன. அவர் இறைக்கவும் இல்லை, துரத்தவும் இல்லை. கூப்பிட்ட வளவுகளில் கிணறு இறைக்கவும் வேலி அடைக்கவும் போய்ப் பிழைத்தார்கள்.

அந்த வருஷத் திருவிழாவுக்கு அக்கா பாற்செம்பு எடுக்கவில்லை. கோயிலுக்கு வந்தார். ஆனால் தேர் நிற்கிற தேர்முட்டிக்கு அங்கால், தெருவில் நின்றார். மயிலுக்காகப் பரிகாரப் பூசை செய்துவைத்த ஐயரே வெளியில் வந்து கூப்பிட்டார்.

"தெரியாமல் நடந்ததம்மா. செய்ய வேண்டியது செய்தாச்சு. உள்ளை வாங்கோ."

"தெரிஞ்சுதான் தூக்கினனான், ஐயா."

அண்ணை ஒவ்வொரு திருவிழாவிலும் சாமியைத் தோளில் காவுகிறவர். காவுகொம்பு பிடிக்க அவருடைய இடம் அங்கே காலியாக இருக்க, அவர் தெருவில் அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றார். "நீங்கள் போங்கோவன். சுட்டது நான்" என்று அக்கா சொல்வார். அவர் போகமாட்டார். மயில் வாகனத் திருவிழா அன்று பின்னேரம் சாமி வெளிவீதிக்கு வந்தது. மரத்தில் செய்த மயிலின் கழுத்து வாசலில் தெரிந்ததும் அக்கா திரும்பி நடக்கத் தொடங்கினார். குடையோடு அண்ணையும் பின்னால் போனார். எனக்கென்று வைத்திருந்த ஒரு நேர்த்திக்கடனை அந்த இடத்தில் மாற்றி, அக்காவை உள்ளே எடுத்துவிடு முருகா என்று கேட்டேன். கேட்டது கேட்டதோடு சரி.

உண்மையைச் சொல்லி ஆளைத் தேற்ற முடியாது என்று அண்ணைக்கு விளங்கிவிட்டது. அவர் பழையபடி தன் வழிக்குத் திரும்பினார். கோயிலில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்ட ஆள் இல்லையாம், விளக்கு மினுக்க ஆள் இல்லையாம் என்று அக்காவின் காதில் விழுகிறமாதிரி என்னிடம் சொல்வார். அக்கா மரக்கறியை வீட்டிலேயே வெட்டிக் கடகத்தில் கொடுத்துவிடுவார். வாசற்படி மட்டும் மிதிக்கமாட்டார்.

அடுத்த மாரிக்கு அண்ணைக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் வைத்தார்கள். நான் சோறு கொண்டு போனேன். அக்கா சுடுதண்ணி எடுக்கப் போன நேரம் பார்த்து, மூச்சை இழுத்து இழுத்து என்னிடம் சொன்னார்.

"பிள்ளை, எனக்குக் கடுமையெண்டு அவவுக்குச் சொல்லும். முருகனிட்டை ஒரு அர்ச்சனை செய்தால்தான் தப்புவன், அதுகும் அவவின்ரை கையாலை செய்தால்தான் எண்டு சொல்லும். எனக்காகவெண்டால் உள்ளை போவா. ஒருக்கா உள்ளை போனால் பிறகு சரி வரும்."

"அண்ணை, நீங்கள் பிழைக்கிறதைப் பாருங்கோ."

"நான் போறன், பிள்ளை. அது கதையில்லை. அவவை உள்ளை விட்டுப்போட்டுப் போகவேணும்."

சாகக் கிடக்கிற நேரத்திலும் அந்த மனிதர் பக்கத்தில் குறிவைத்தார். எனக்கு அழுகையும் வந்தது, இது பலித்தாலும் பலிக்கும் என்று ஒரு ஆசையும் வந்தது. அக்காவிடம் அவர் சொல்லச் சொன்னபடியே சொன்னேன். அக்கா உடனே வெளிக்கிட்டார். அண்ணைக்குப் பக்கத்தில் இருக்க என் மகளைக் கூப்பிட்டு விட்டோம். கடலுக்கு நடுவே தாம்போதித் தெருவால் பஸ் வரும்போது, இரண்டு பக்கமும் மழை இருட்டாக இருந்தது. அக்கா அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் சனமில்லை. ஐயர் அக்காவைக் கண்டதும் திரையை விலக்கிவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். அக்கா வாசலில் கால் கழுவினார். படியில் ஒரு காலை வைத்தார். உள்ளே விளக்கு வெளிச்சத்தில் மூலவருக்கு முன்னால் வெள்ளி மயில் தெரிந்தது. மற்றக் காலை அக்கா எடுத்து வைக்கவில்லை.

"போங்கோ அக்கா. அண்ணைக்காக."

"நான் நல்லதுக்கெண்டு செய்ய அது மாறிப்போனதைக் கண்ட நீர் இப்பிடிச் சொல்லுறீரே. நான் கேட்டு அதுவும் மாறி நடந்தால்?"

காலை எடுத்துவிட்டார். தட்டை என்னிடம் தந்து, "நீர் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தெருவுக்குப் போய் மழைத்தூறலில் நின்றார். அர்ச்சனையை நான் செய்தேன். திருநீற்றை மடித்துக்கொண்டு நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது மகள் போன் எடுத்தாள். அண்ணை போய்விட்டார்.

செத்தவீட்டில் அக்கா அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து சனமெல்லாம் போன பிறகு ஒருநாள் பொட்டுக்குள்ளால் போனேன். அக்கா குசினி வாசலில் பலகையில் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மயில்கள் கிணற்றுக்கட்டில் ஏறி நின்றன. அவர் விரட்டவில்லை.

"அண்டைக்கு உள்ளுக்குப் போயிருந்தால் மனுசன் இருந்திருக்கும்" என்றார். "ரெண்டும் என்ரை கையாலைதான்."

என்னால் அதற்கு மேலே பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்து அவர் கையைப் பிடித்து, ஆசுப்பத்திரியில் நடந்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவருக்குத் தான் பிழைக்கமாட்டேன் என்று தெரியும், அர்ச்சனை ஒரு சாட்டுத்தான், உங்களை உள்ளே விடத்தான் அப்படிச் சொல்லச் சொன்னார், நீங்கள் போயிருந்தாலும் போகாவிட்டாலும் அவர் போயிருப்பார் என்று சொன்னேன். சில்லுக் கதையும் உண்மை என்று சொன்னேன்.

அக்கா முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து என் தலையைத் தடவிவிட்டார்.

"பாவம் பிள்ளை, அவரோடை இருந்திருந்து நீரும் இப்பிடிச் சொல்லப் பழகிப்போட்டீர்" என்று சொல்லிவிட்டு, எனக்குத் தேத்தண்ணி வைக்க எழும்பினார்.